காது இரைச்சல்: இல்லை

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டாக்டரிடம் குறை சொல்ல வராது. வயிற்று வலியில் சுருண்டுகொண்டுதான் போயிருப்போம். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்டதும், "நல்லா இருக்கறோங்க, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றுதான் வாய் சொல்லும். அதற்குப் பிறகு அவராகத் தோண்டித் துருவிக் கேட்டால்தான் வலி வெளியே வரும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான். மரியாதை தெரிந்த பொம்பளை என்று நாலு பேர் சொன்னால் குளிர்ந்துபோகிற குணம் எனக்கு உண்டு. இப்போது அந்த மரியாதையை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

என் பெயர் துளசிமணி. பல்லடத்துக்குப் பக்கத்தில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்துகொண்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி போன வருடம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் தையல் போட்ட இடம் ஆறவில்லை. ஆறுவதும் மறுபடி சீழ் கட்டுவதுமாக மூன்று மாதம் இழுத்தது. கடைசியில் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கிருமி நோய்களை மட்டும் பார்க்கிற டாக்டரிடம் போனோம். கிருபாசங்கர் என்று பெயர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சீழை எடுத்துச் சோதித்துவிட்டு, இது லேசில் போகிற கிருமி இல்லை, பன்னிரண்டு வாரம் தினமும் ஊசி போட வேண்டும் என்றார். ஊசியைப் பல்லடத்திலேயே ஒரு நர்ஸிடம் போட்டுக்கொள்ளலாம், வியாழக்கிழமை தோறும் தன்னிடம் வந்து காட்டினால் போதும் என்றார்.

முதல் நாளே அவர் சொல்லத்தான் சொன்னார். "இந்த ஊசி சில பேருக்குக் காதைப் பாதிக்குமுங்க. காதுல இரைச்சல் வந்தா, சரியாக் கேக்கலைன்னா, அன்னைக்கே எனக்குச் சொல்லணும்." காது டெஸ்ட் எடுத்து வரச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். டெஸ்ட் எடுக்கிற இடம் மூன்றாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு வரைக்கும் வரிசை நின்றது. "தறிக்காரனுக்கு என்னத்துக்கு காது டெஸ்ட்டு? எப்புடியும் செவுடுன்னுதான் எழுதுவான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சீட்டு என் பர்ஸிலேயே கிடந்து மடிப்பில் கிழிந்துபோயிற்று.

தறி ஓட்டுகிற குடும்பத்தில் காது இரைவது ஒரு வியாதியே இல்லை. எட்டுத் தறியும் சேர்ந்து ஓடினால் குடோனுக்குள் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. வெளியே வந்து படுத்தாலும் காதுக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். என் மாமனாருக்கு இரைந்தது, கொழுந்தனாருக்கு இரைகிறது, எனக்கும் கொஞ்சம் உண்டு. அதனால் நாலாவது வாரம் சாப்பிட உட்கார்ந்தவர், "காதுக்குள்ள சுவருக்கோழி கத்தறாப்பல இருக்குது" என்றபோது, "தறி கத்தறது பத்தாதுன்னு அது வேறயா?" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினேன். அவரும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வியாழக்கிழமை டாக்டருக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் எடுத்துப் போனது நினைவிருக்கிறது. சுவருக்கோழியை எடுத்துப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடோனுக்குள் நாங்கள் எல்லோரும் பேசுவது உதட்டால்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் தறிக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ சொல்வார், எனக்கு ஒன்றும் புரியாது, கண்ணீர் முட்டும். ஒரே மாதத்தில் பழகிவிட்டேன். நூல் அறுந்ததா, டீ வேண்டுமா, அந்தப் புடவை உனக்கு எடுப்பாக இருக்கிறது, எல்லாம் உதட்டசைவிலேயே போய் வரும். இருபத்தாறு வருடமாக அப்படிப் பேசிப் பழகிய ஆளுக்குக் காது கேட்காமல் போனால் எதிரே நிற்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்? நான் முகத்துக்கு நேரே பேசினால் சரியாகப் பதில் சொன்னார். முதுகுக்குப் பின்னால் பேசினால்தான் பதில் இல்லை.

அதையும் நான் என் பாணியில்தான் புரிந்துகொண்டேன். சமையல்கட்டில் இருந்துகொண்டு நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் முன்னறையில் உட்கார்ந்து "ம்" கொட்டிக்கொண்டே இருப்பார். எங்கள் குடும்பம் நடந்ததே அந்த "ம்"மில்தான். கேட்டுக்கொண்டு கொட்டுகிற "ம்" வேறு, கேட்காமல் கொட்டுகிற "ம்" வேறு, எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஏழாவது எட்டாவது வாரத்தில் அது நின்றுபோயிற்று. சரி, ஐம்பத்திரண்டு வயதில் மனுஷனுக்கு என் பேச்சு சலித்துவிட்டது என்று நினைத்து, இரண்டு நாள் வாயே திறக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அது இன்னும் கோபமாக வந்தது.

எங்கள் மகள் லோகப்பிரியா கோயமுத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சரவணம்பட்டியில் ரூம். தினமும் சாயங்காலம் அவள் கூப்பிடுவதும் அப்பாவும் மகளும் அரை மணி நேரம் பேசுவதும் வழக்கம். அந்தச் சமயத்தில் பெருந்துறையில் இருந்து வந்த ஒரு வரனை அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அதற்கடுத்த வாரத்தில் இருந்து போன் அடித்தால் இவர் எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே பேசு" என்றுவிட்டு எழுந்து போக ஆரம்பித்தார். "அப்பாவுக்கு அந்த மாப்பிள்ளை விசயத்துல கோவமாம்மா?" என்று அவள் கேட்டாள். "இருக்கும், அலுங்காம இரு, தன்னால சரியாகும்" என்றேன். அவளுக்கும் ரோஷம். ஒரு மாதம் போலக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

பதினோராவது வாரம் தறிக்குப் பாவு நூல் இறக்க டெம்போ வந்தது. வாசலில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். டெம்போ பின்னால் நகர்ந்து வருகிறது. அது கீங் கீங் என்று கத்துகிறது, டிரைவர் ஹாரனையும் அடிக்கிறான். இவர் அசையவில்லை. "ஏனுங்க! ஏனுங்க, நகருங்க!" என்று நான் கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு முழம் இருக்கும்போது டிரைவர் பிரேக்கைப் போட்டுவிட்டான். காற்று மேலே பட்டுத்தான் இவர் திரும்பினார். டெம்போவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். டிரைவர் இறங்கி வந்து, "என்னங்கண்ணா, காது கேக்காதுங்களா?" என்று கோபமாகக் கேட்டான். அவன் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அன்றைக்கே ஊசியை நிறுத்தினார்கள். காது டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது என்றார். மெஷின் மாட்டிப் பார்த்தோம். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார். வயிற்றுப் புண் சுத்தமாக ஆறிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆறு மாதம் கழித்து லோகப்பிரியா கிளம்பினாள். இணையத்தில் அந்த ஊசியைப் பற்றி எல்லாவற்றையும் படித்திருந்தாள். காதைப் பறிக்கும் என்று தெரிந்திருந்தும் எப்படிப் போட்டார்கள், யார் கவனித்தார்கள், பதில் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். டாக்டர் நேரில் வரச் சொன்னார். மகள் யார்மேல் தப்பு என்று கேட்கப் போனாள். எனக்கு வேண்டியது அதுவல்ல. சுவருக்கோழி விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதமாக அது என் நெஞ்சுக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. நாலாவது வாரமே சொல்லியிருந்தாலும் காது போயிருக்கும் என்று அந்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கிக்கொண்டு போனேன்.

அறையில் டாக்டர் எப்போதும் போல் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நானும் மகளும், நடுவில் என் வீட்டுக்காரர். லோகப்பிரியா ஆரம்பித்தாள்.

"காது போகும்னு தெரிஞ்சே எதுக்குங்க டாக்டர் அத்தன வாரம் போட்டீங்க? யாருமே கவனிக்கலீங்களா?"

டாக்டர் கோபப்படவில்லை. எங்கள் பைலைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். "வாராவாரம் கேட்டிருக்கறேனுங்க. நீங்களே பாருங்க."

ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். வாந்தி, தலைசுற்றல், காது இரைச்சல், கேட்பதில் சிரமம் என்று ஆங்கிலத்தில் வரிசையாக அச்சடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இல்லை, இல்லை, இல்லை என்று அவர் கையெழுத்து. லோகப்பிரியா படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். காது இரைச்சல், இல்லை. அடுத்த பக்கம், காது இரைச்சல், இல்லை. பத்துப் பக்கம். அப்புறம் அவள் விரல் பக்கத்தின் அடியில் நின்றுவிட்டது. அங்கே, தகவல் சொன்னவர் என்று ஒரு கட்டம் இருந்தது. மனைவி என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, நீங்களா சொன்னீங்க?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், நான்தான் சொன்னேன். டாக்டர் கேட்பார், நான் சொல்வேன். ஏன் எப்போதும் நானே சொன்னேன் என்று அந்த நிமிஷம்தான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டாக்டரின் மாஸ்க்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி, லேசாகச் சிரித்தபடி, நீயே சொல்லு என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார்.

அதே பார்வை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்னைப் பார்த்த அதே பார்வை. மனுஷனுக்குக் கூச்சம், டாக்டரிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார், நாம்தான் பேச வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்ட பார்வை.

"ஐயோ, சாமி!" என்று கத்திவிட்டேன். "அவருக்கு நீங்க கேட்டதே கேக்கலீங்க!"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க மாஸ்க்குல வாய மூடிட்டு இருந்தீங்க. அவரு எப்பவும் உதட்டப் பாத்துத்தானுங்க பேசுவாரு. காது நல்லாக் கேக்குதான்னு நீங்க கேட்டீங்க, அவருக்குக் கேக்கல, என்னயப் பாத்தாரு. நான் நல்லாக் கேக்குதுங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. அவரு இங்கயே உக்காந்திருந்தாருங்க. உங்க முன்னாலயே, எனக்கு முன்னாலயே."

கிருபாசங்கரின் கை தானாக மாஸ்க்குக்குப் போயிற்று. அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த முழு முகத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். சின்னப் பையன் முகம். மீசைகூடச் சரியாக இல்லை.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சுவருக்கோழியையும் ரசத்தையும் சொன்னேன். கிழிந்துபோன சீட்டையும் சொன்னேன். சொல்லிவிட்டு, ஆறு மாதமாக வைத்திருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கே நான் சொல்லியிருந்தா, இவரு காது இருந்திருக்குமுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். போயிருக்குமுங்க, அப்பவும் போயிருக்கும் என்று சொல்ல அவருக்கு எத்தனை நேரமாகும்? அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான், அவர் வாய்க்கும் அது வராமலா இருந்திருக்கும்? சொல்லிவிடு சாமி என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

"முழுசா இருந்திருக்கும்னு சொல்ல முடியாதுங்க," என்றார். "ஆனா நாலாவது வாரம் நிறுத்தியிருந்தா இவ்வளவு போயிருக்காது. பேசறது கேக்கற அளவுக்காவது இருந்திருக்கலாம். டெஸ்ட் எடுக்காம அடுத்த ஊசி இல்லைன்னு நானும் சொல்லியிருக்கணும். அவரையே கேட்டிருக்கணும். எழுதிக் காட்டியாவது கேட்டிருக்கணும். அது என்ற தப்புங்க."

தன் தப்பு என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். மாஸ்க் இல்லாத உதட்டை அவர் ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டி, "சரீங்க" என்றார். குடோனுக்குள் சொல்கிற சத்தத்தில் சொன்னார். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

புகார், கேஸ் என்று எழுதி வைத்திருந்த காகிதத்தை லோகப்பிரியா எடுக்கவே இல்லை. சிங்காநல்லூரில் எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தவள், அவர் முதலில் ஏறிப் போனதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"அப்பா போனை எடுக்கலைன்னு ஒரு மாசம் கோவிச்சுட்டு இருந்தேன்மா. ஒரு நாள் ஊட்டுக்கு வந்து பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்." அழுதுகொண்டே சொன்னாள். "வாரேன்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னல் ஓரத்தில் அவர், பக்கத்தில் நான். ஒண்டிப்புதூர் தாண்டுகிற வரைக்கும் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவர் என் முகத்தைப் படித்துவிடுவார். அவராகத்தான் என் கையைத் தட்டினார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பஸ் முழுக்கக் கேட்கிற சத்தம். "காது மந்தமாகுதுன்னு ஆறாவது வாரமே தெரியும். நாந்தான் சொல்லல. சொன்னா ஊசிய நிறுத்திப்போடுவாங்க, புண்ணு ஆறாதுன்னு உட்டுட்டேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. எனக்கு என்ன கொற? நல்லாத்தான் இருக்கறேன்."

இது நிஜமா, எனக்காகச் சொல்கிற சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். முன்சீட்டு, பின்சீட்டு எல்லாம் பார்க்கட்டும் என்று உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன்.

"நல்லா இருக்கறேன்னு சொல்லாதீங்க. இன்னொரு தடவ அந்தப் பேச்சு நம்ம ஊட்டுல வேண்டாம். என்ன கொறன்னு சொல்லுங்க. என்றகிட்டயாவது சொல்லுங்க."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டான், நான் பணத்தை நீட்டினேன், அவன் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். சொல்லமாட்டார், மறுபடி சிரித்து மழுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீ பேசறது தெரியுது, துளசி" என்றார். "உதடு அசையறது தெரியுது. என்ன சொல்றீன்னும் தெரியுது. ஆனா உன்ற சத்தம் எப்புடி இருக்கும்னு மறந்துட்டே வருது. போன மாசம் வரைக்கும் நெனச்சா வரும். இப்ப நெனச்சாலும் வர மாட்டேங்குது."

அவர் கையை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, என் கழுத்தில் தாடைக்குக் கீழே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரிதான் பேசினேன், மாவு அரைக்கவேண்டும், நாளைக்குக் கரண்ட் இருக்காதாம், மகள் இளைத்துப்போய்விட்டாள் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சூலூர் வந்தும் நான் நிறுத்தவில்லை.